வாய்தாவுக்குப் போகாததால் கூலிப் பாகுபாடு வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. இனி வழியே இல்லையா?

மூணாறு எஸ்டேட்டில் ஆண்களுக்குச் சமமான கூலி கேட்டு லேபர் கோர்ட்டுக்குப் போன நீங்கள், சில வாய்தாக்களுக்கு ஆஜராகவில்லை என்கிறீர்கள். வழி இருக்கிறது அக்கா. ஆளில்லாமல் தள்ளுபடி ஆனதற்கு, நீங்கள் சொன்னது பொய் என்று கோர்ட் முடிவு செய்ததாக அர்த்தமில்லை. தக்க காரணம் இருந்தால், ஒரு தரப்பு வராதபோது தந்த தீர்ப்பை அந்த மன்றமே ரத்து செய்யலாம் என்று 1980-ல் கிரிண்ட்லேஸ் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் தாமதிக்காதீர்கள். தீர்ப்பு 30 நாளில் அமலுக்கு வந்துவிடும். அதை ரத்து செய்யக் கேட்கும் மனுவை அதற்குள் கொடுத்துவிடுவது நல்லது; நாள் தாண்டினாலும் நியாயமான காலத்துக்குள் தக்க காரணத்தோடு கேட்கலாம்.

‘உடம்பு சரியில்லை’ என்று மொட்டையாக எழுதினால் எடுபடாது. எந்த வாய்தாவுக்கு ஏன் வரவில்லை என்று தேதிவாரியாக எழுதுங்கள். ஆஸ்பத்திரி சீட்டு, மண்சரிவில் ரோடு அடைபட்ட நாளின் பத்திரிகைச் செய்தி, பழைய லயத்து (எஸ்டேட் வரிசை வீட்டு) விலாசத்துக்குப் போய்த் திரும்பிய நோட்டீஸ் கவர் என்று எது இருந்தாலும் சேருங்கள். நோட்டீஸ் மலையாளத்தில் வந்து புரியாமல் போயிருந்தால் அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். மனுவிலேயே இப்போதைய விலாசத்தையும் போன் நம்பரையும் கொடுத்துவிடுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையென்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.