மாவு பொங்காத ஊர் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஜெர்மனியில், எர்லாங்கனில் நீங்கள் குடியிருந்த நாட்களைப் பற்றி எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 11 வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். கணவருக்கு வேலை கிடைத்து நியூரம்பெர்க் வந்து 7 மாதம் ஆகிறது. என் பி.எட். சான்றிதழுக்கு இங்கே என்ன மதிப்பு என்று கேட்டு விண்ணப்பித்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே ஒரு கடிதம் வந்தது. தினமும் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

மகள் முதல் வகுப்பு படிக்கிறாள். தவக்காலத்துக்கு முன்னால் இங்கே வரும் ஃபாஷிங் கொண்டாட்டத்துக்கு வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு டோனட்தான் வேண்டுமாம், அதுவும் அம்மா செய்ததாக. ஒரு அமெரிக்க வீடியோவைப் பார்த்து நான்கு தடவை செய்துவிட்டேன். முதல் தடவை மாவு அசையவே இல்லை. ஈஸ்ட் என்று நினைத்து நான் போட்டது பேக்கிங் பவுடர். இரண்டாவது தடவை வெளியே கருகி, உள்ளே பச்சை மாவு. எண்ணெய் வாடைக்குப் பயந்து மூன்றாவது தடவை ஓவனில் வைத்தேன், பன் மாதிரி வந்தது. நான்காவது தடவை வேறு மாவு வாங்கி, பாலைக் கூட்டி, சர்க்கரையைக் குறைத்து, மறுபடி எண்ணெய்க்கே வந்தேன். எண்ணெய் குடித்துச் சப்பையாகக் கிடந்தது. மாவு பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்ததில் இரண்டு நாள் ஜெர்மன் வகுப்புக்கும் போகவில்லை.

அன்று சாயங்காலம் கீழ் வீட்டுப் பெரியவர் படிக்கட்டில் என்னிடம் ஏதோ சொன்னார். 'ரீஹ்ட்' என்ற சொல் மட்டும்தான் பிடிபட்டது. மணக்கிறது என்றாரா, நாறுகிறது என்றாரா தெரியவில்லை. அதிலிருந்து அவர் வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டால் நான் வெளியே போவதில்லை.

அம்மா போனில், "பதினோரு வருசம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவ, அங்க போயி போண்டா சுட்டுக்கிட்டிருக்கியா?" என்றார். சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு அழுதேன். நேரத்தை வீணாக்குகிறேனா அக்கா? (பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் டோனட். அம்மா சொன்னதற்கு அப்புறம் வருகிறேன்.

நான்காவது தடவை மாவு, பால், சர்க்கரை மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருக்கிறீர்கள். சப்பையாகப் போனதற்கு எது காரணம் என்று எப்படித் தெரியும்? உங்கள் வகுப்பில் ஒரு பையன் இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் நோட்டை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். இனிமேல் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதை நோட்டில் எழுதியும் வையுங்கள்.

பேக்கிங் பவுடர் விஷயத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'பாக்புல்வர்' பொட்டலமும் காய்ந்த ஈஸ்ட் பொட்டலமும் ஒரே உயரத்தில், ஒரே தட்டில், அண்ணன் தம்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். 2006இல் நானும் அப்படித்தான் ஏமாந்தேன். 'ஹெஃபே' என்று போட்டிருப்பதுதான் ஈஸ்ட். காய்ந்தது 7 கிராம் பொட்டலம், அரைக் கிலோ மாவுக்கு ஒன்று. ஆனால் அங்கே இருக்கும்வரை பச்சை ஈஸ்டையே வாங்குங்கள். வெண்ணெய் இருக்கும் குளிர்பெட்டியில், ஈரக் களிமண் நிறத்தில், 42 கிராம் கட்டியாக இருக்கும். அரைக் கிலோவுக்குப் பாதிக் கட்டி போதும். சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்குள் வாங்க மறந்துவிட்டால் ஞாயிறு முழுக்கக் கடை கிடையாது என்பது இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி மாட்டிக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் திறந்திருந்த ரொட்டிக் கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு உருண்டை ஈஸ்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். தெரியாத நாட்டில் நான் கேட்ட ஒன்று, எந்தப் படிவமும் நிரப்பாமல் அந்த நிமிடமே கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்தது மாவு. பாக்கெட்டில் 405, 550, 1050 என்று எண் போட்டிருக்கும். விலைக்கும் தரத்துக்கும் அதில் சம்பந்தமில்லை. 100 கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதுதான் அந்த எண். தவிடு சேரச் சேர எண் கூடும். கேக்குக்கு 405 சரி. டோனட்டுக்கு 550. அது கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். அமெரிக்க வீடியோவில் கப் கணக்கில் சொல்வது அவர்கள் ஊர் மாவுக்கு. அதே பாலை 405இல் ஊற்றினால் மாவு தளர்ந்து பரவும், எண்ணெயும் குடிக்கும். தராசு வாங்குங்கள்.

என் அளவு இது. 550 மாவு அரைக் கிலோ, பால் 220 மில்லி, முட்டை மஞ்சள் கரு 4, வெண்ணெய் 80 கிராம், சர்க்கரை 70 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், பாதிக் கட்டி ஈஸ்ட். பால் கைச்சூட்டில் இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். வெண்ணெயைக் கடைசியில் சேர்த்துப் பத்து நிமிடம் அடித்துப் பிசையுங்கள். பரோட்டா மாவு பிசைவதைப் பார்த்த கைக்கு இது சிரமமே இல்லை. இதில் 16 உருண்டை வரும். அந்த ஊர்க்காரர்கள் ஒரு மூடி ரம்மும் விடுவார்கள், எண்ணெய் குடிக்காது என்று. பள்ளிக்குப் போகிற பலகாரம், அதை விட்டுவிடுங்கள்.

சரி, பொங்காததற்கு வருவோம். வீடியோவில் ஒரு மணி நேரம் என்பார்கள். அது அவர்கள் சமையலறையின் ஒரு மணி நேரம். ஜனவரியில் உங்கள் வீட்டில் 19 டிகிரி இருந்தால் பெரிது. எட்டுப் பத்து டிகிரி குறைந்தால் ஈஸ்டின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெண்ணெயும் சர்க்கரையும் இன்னும் தாமதப்படுத்தும். இட்லி மாவை என்ன செய்கிறீர்கள் அங்கே? ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கிறீர்கள்தானே? அதையே இதற்கும் செய்யலாமே! இட்லிக்குத் தெரிந்த உபாயம் டோனட்டுக்கு ஏன் தோன்றவில்லை என்று நானும் ஒரு முழுக் குளிர்காலம் கழித்துத்தான் கேட்டுக்கொண்டேன். ஊர்ப் பலகாரம் என்றால் நம் கை தானாக யோசிக்கிறது, அந்நியப் பலகாரம் என்றால் வீடியோவின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மணியைப் பார்க்காதீர்கள். உருட்டி வைத்ததை விரலால் லேசாக அழுத்துங்கள். குழி மெதுவாக, பாதி மட்டும் மேலே வந்தால் எண்ணெய் வைக்கலாம்.

ஓவனில் வைத்தது பன் மாதிரி வந்தது என்கிறீர்கள். அது பன்தான். பன்னாகச் சாப்பிட நன்றாகவே இருக்கும். டோனட்டின் அந்தத் தோல் எண்ணெயில்தான் வரும். 170 டிகிரி. மானி இல்லாவிட்டால் மரக்கரண்டிக் காம்பை எண்ணெயில் நிறுத்துங்கள், அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் சுறுசுறுப்பாக வர வேண்டும். அதற்கு மேல் சூடேறினால் உங்கள் இரண்டாவது தடவை, கீழே இறங்கினால் நான்காவது தடவை.

ஒரு விஷயம் எந்த வீடியோவிலும் எனக்குக் கிடைக்கவில்லை, என் வீட்டுக்காரம்மாவிடம் கிடைத்தது. நான் நெத்திலிக் கருவாடு வறுத்த நாளில்தான் அவர் முதன்முதலாக மாடியேறி வந்தார். என்ன சொன்னார் என்று எழுதவேண்டாம். ஒரு மாதம் கழித்து, வாசல் வழியாக என் சப்பை டோனட்டைப் பார்த்துவிட்டு, கேட்காமலே உள்ளே வந்தார். உருண்டையின் மேல்பக்கம் கீழாக எண்ணெயில் போட்டு, சட்டியை மூடிவிட்டார். ஆவியில் அது உப்பியது. திருப்பிப் போட்டபின் மூடவில்லை. எடுத்துப் பார்த்தால் நடுவில் சுற்றிலும் வெள்ளையாக ஒரு பட்டை. நன்றாகப் பொங்கிய மாவு எண்ணெயில் பாதி மூழ்கி, பாதி மிதக்கும். இரண்டு பக்கமும் சிவந்தாலும் இடுப்பு மட்டும் வெளுப்பாக நிற்கும். அந்தப் பட்டை வந்தால் தேறினாய் என்று அர்த்தம். நம்மூரில் உளுந்து மாவைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதில்லையா, அந்தக் குடும்பம்தான் இதுவும்.

ஓட்டை போடுவதை விட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் ஃபாஷிங்குக்கு எல்லாரும் தின்பது ஓட்டையில்லாத க்ராப்ஃபன். நியூரம்பெர்க் இருக்கும் ஃப்ராங்கன் பகுதியில் அதற்குள் வைப்பது ஹிஃபன்மார்க், காட்டு ரோஜாப் பழத்தில் செய்த ஜாம். புளிப்பும் இனிப்பும் சேர்ந்து எனக்கு எப்போதும் இலந்தை வடையை ஞாபகப்படுத்தும். உங்கள் மகளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். ஆனால் கடையில் 'ஃபான்கூகன்' என்று கேட்காதீர்கள். பெர்லினில் அப்படிக் கேட்டால் ஜாம் வைத்ததைத் தருவார்கள், நியூரம்பெர்க்கில் தோசை மாதிரி ஒன்று வரும். 1963 ஜூன் 26இல் அமெரிக்க அதிபர் கென்னடி பெர்லினில் 'நான் ஒரு பெர்லினர்' என்று பேசி, தன்னை ஒரு ஜாம் பன் என்று சொல்லிக்கொண்டார் என ஒரு கதை உண்டு. பாவம், அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் பலகாரத்தைப் பெர்லினர் என்பது வேறு ஊர்க்காரர்கள்தான். புத்தாண்டு ராத்திரியில், ஒரே ஒரு க்ராப்ஃபனில் மட்டும் ஜாமுக்குப் பதில் கடுகு விழுதை வைத்து யார் வாயில் மாட்டுகிறது என்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்த விளையாட்டெல்லாம் அடுத்த வருடம்.

இனி அம்மா. 11 வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மகள் அடுப்படியில் நிற்பது அம்மாவுக்கு வலிக்கிறது, அதைக் கேலியாகச் சொல்கிறார். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நீங்களும் மாவு மாதிரி பொறுமையாகப் பொங்கி எழ வேண்டும் என்றும் எழுத மாட்டேன். நீங்கள் மாவு இல்லை. எனக்கு அந்த வருடங்களில் டோனட் ஏன் பிடித்தது என்று மட்டும் சொல்கிறேன். அலுவலகத்துக்கு அனுப்பிய காகிதம் மாதக்கணக்கில் வாயைத் திறக்காது. ஏன் தாமதம் என்றுகூடத் தெரியாது. மாவு அன்று சாயங்காலமே பதில் சொல்லிவிடும். தப்பாகப் போனாலும் காரணம் உண்டு, தேடினால் கிடைக்கும். ஆகையால் வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கடிதத்தின் நடுவே ஒரு வரியை மெதுவாக நழுவவிட்டிருக்கிறீர்கள், இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை என்று. அது எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவரின் கதவுச் சத்தத்துக்கு ஒளிவதும், மாவைச் சாக்கு வைத்து வகுப்புக்கு ஒளிவதும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். நானும் ஒளிந்தவள், அதனால் வாசனை தெரிகிறது. பள்ளியில் மற்றவர் நோட்டைத் திருத்தியவருக்கு, பெஞ்சில் உட்கார்ந்து எழுவாய் பயனிலையில் தடுமாறுவது கஷ்டம்தான். மாவைச் சாக்கு சொல்ல முடியாதபடி ஒரு வழி இருக்கிறது. ராத்திரி பிசைந்து, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், அது பாட்டுக்கு மெல்லப் பொங்கிக்கொண்டு கிடக்கும். ருசியும் கூடும். காலையில் மகளைப் பள்ளியில் விட்டு, வகுப்புக்குப் போய்விட்டு, மத்தியானம் வந்து உருட்டுங்கள்.

எண்ணெய் வைக்கும்போது ஜன்னலை அகலத் திறந்து, படிக்கட்டுப் பக்கக் கதவைச் சாத்திவிடுங்கள். குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பொரியுங்கள். மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் கொட்டாமல் பழைய பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, சாதாரணக் குப்பையில் போடுங்கள்.

பெரியவர் சொன்னது? 'ஹியர் ரீஹ்ட் எஸ் ஆபர்' (இங்கே வாசம் வருகிறதே) என்று இழுத்து அங்கேயே நிறுத்தியிருந்தால் அது முகச்சுளிப்பு. பின்னால் 'கூட்' (நன்றாக) என்று ஒரு சின்னச் சொல் வந்திருந்தால் பாராட்டு. அந்தச் சொல் வருவதற்குள் நீங்கள் பாதிப் படி ஏறியிருப்பீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெள்ளைப் பட்டையோடு வருகிற முதல் நான்கை எடுத்து, சர்க்கரை தூவி, கீழே கொண்டுபோய் மணி அடியுங்கள். காகிதத் தட்டில் கொடுக்காதீர்கள். வீட்டில் இருப்பதிலேயே நல்ல தட்டாகப் பார்த்துக் கொடுங்கள். அதைத் திருப்பித் தர அவர் மாடியேறி வந்தாக வேண்டும்.