ஒரே போரில் இரண்டு பக்கமும் நின்று சண்டையிட்ட விமானப்படைப் பிரிவு உண்டா?

உண்டு. யாரோ "அதெல்லாம் நடக்காது" என்று உங்கள் வாயை அடைத்ததால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது நடந்தது.

இரண்டாம் உலகப் போரில் ருமேனியாவின் 9-ஆவது போர் விமானக் குழு அது. ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத் விமானங்களையும், 1944-இல் ருமேனியாவின் பிளோயெஷ்ட் எண்ணெய் ஆலைகள் மேல் குண்டு போட வந்த அமெரிக்கர்களையும் எதிர்த்தது. அதன் தளபதி அலெக்சாந்த்ரு ஷெர்பனெஸ்கு ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்க விமானங்களோடு நடந்த வான்சண்டையில் இறந்தார். ஐந்தே நாளில் மன்னர் மிஹாய் சர்வாதிகாரி அந்தோனெஸ்குவைக் கைது செய்ய, நாடு பக்கம் மாறியது. அந்த ஐந்து நாளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. மிஞ்சியவர்கள் ஜெர்மன் தயாரிப்பான அதே மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானங்களில் ஏறி ஜெர்மானியர்களை எதிர்த்தார்கள்.

சரி, என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு விமான மாடல் கண்காட்சிக்கு சின்ன மெஸ்ஸர்ஷ்மிட் ஒன்றைச் செய்து கொண்டுபோனேன். அதன் பக்கவாட்டில் அமெரிக்கக் கொடி. ஒட்டும் படம் (டீகால்) கிடைக்காமல் கையாலேயே வரைந்தேன். அன்றைய கொடியில் 48 நட்சத்திரம். பூதக்கண்ணாடி வைத்து மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். நடுவர் பார்த்தார். "ஏன் தம்பி, ஜெர்மன் விமானத்துல அமெரிக்கக் கொடியா? கொஞ்சம் படிச்சுட்டுச் செய்யக் கூடாதா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் என் மகன். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அன்று சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். ருமேனியா பக்கம் மாறியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க விமானிகள் அங்கே கைதிகளாக இருந்தார்கள். ஜெர்மானியர்கள் வருவதற்குள் அவர்களை மீட்க இத்தாலியில் இருந்த அமெரிக்கப் படைக்குத் தகவல் போக வேண்டும். கைதிகளில் ஒருவரான லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் கன்னை, ஷெர்பனெஸ்குவுக்குப் பின் குழுவை ஏற்ற கான்ஸ்டன்டின் கான்டகுசினோ ஆகஸ்ட் 27 அன்று தன் விமானத்தில் ஏற்றிக்கொண்டார். ஒருவர் மட்டும் உட்காரும் விமானம். ரேடியோவைக் கழற்றிவிட்டு, வால்பக்கக் கூட்டுக்குள் கன்னைப் படுக்க வைத்து, மூடியை வெளியிலிருந்து திருகி மூடினார்கள். விழுந்தால் அவரால் குதிக்கவும் முடியாது. இத்தாலியில் தரைப்படை சுடாமல் இருக்கத்தான் அந்தக் கொடி! இறங்கியதும் ஸ்க்ரூடிரைவர் வாங்கித் திறந்தார்கள். சில நாளில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் புக்கரெஸ்டுக்குப் போய் அத்தனை பேரையும் ஏற்றி வந்தன.

பாசிசத்துக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1941-இல் யாஷியிலும் ஒடெசாவிலும் அந்தோனெஸ்கு ஆட்சி யூதர்களுக்குச் செய்த கொடுமையை நானும் படித்திருக்கிறேன். விமானிகளின் துணிச்சல் அதைக் கழுவாது. நான் சொல்வது இந்த ஒரு பயணத்தை.

அப்புறம் இன்னொன்று. பெட்டியில் "உடையும் பொருள்" என்று நான்கு பக்கமும் எழுதி அனுப்பினாலும் கூரியர்காரர்கள் ஏன் அதை மூட்டை மாதிரி வீசுகிறார்கள்? கண்காட்சியிலிருந்து கூரியரில் திரும்பி வந்தபோது என் மாடலின் வால் ஒடிந்திருந்தது. நஷ்ட ஈடு கேட்டதற்கு, "பொம்மைதானே சார்" என்றார்கள்.

வாலை ஒட்டிவிட்டேன். கொடியில் கை வைக்கவில்லை.