பிசின் எடுத்துப் பிழைக்க முடியுமா? கீறினால் மரம் பட்டுப்போகாதா?

பட்டுப்போகாது, கீறுகிற கை நிதானமாக இருந்தால். பிசின் என்பது மரம் தன் காயத்துக்குத் தானே போட்டுக்கொள்ளும் கட்டு. சூடானில் ஹஷாப் என்னும் வேல மரத்தின் பட்டையை மெல்லிய நாடாவாக உரிப்பார்கள். சில வாரங்களில் அங்கே தேன் நிறத்தில் உருண்டைகள் திரண்டு நிற்கும். குளிர்பானத்தில் சேர்க்கும் அரபுப் பிசின் இதுதான். விவசாய வேலை ஓய்ந்த வறண்ட மாதங்களில் கிடைப்பதால், கை வறண்ட நேரத்தில் வரும் காசு. போதாததற்கு, வேரில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணையும் தேற்றுகிறது இந்த மரம்.

சரி, பேராசைப்பட்டால்? குந்திரிக்க மரங்களில் பல இடங்களில் அதுதான் நடக்கிறது. ஓய்வே கொடுக்காமல் கீறிய மரத்தின் விதைகள் சரியாக முளைப்பதில்லை. கிழட்டு மரம் நிற்கும், கன்று இருக்காது.

அப்புறம், பட்டைத் துணுக்கும் மண்ணும் நீக்கித் தரம் பிரித்தாலே விலை கூடும். அந்த வேலையை வியாபாரிக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.