கிளீவ்லாந்தில் கேட்ட கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒஹாயோவில் வசிக்கிறேன். அண்மையில்தான் குடியுரிமை கிடைத்தது. அடுத்த அதிபர் தேர்தலில் முதல்முறையாக வாக்களிக்கப் போகிறேன் என்பதால், கல்லூரியில் படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து பழைய அதிபர் விவாதங்களை யூடியூபில் பார்த்து வருகிறேன். 1980இல் இங்கே கிளீவ்லாந்தில் குடியரசுக் கட்சியின் ரீகனும், அப்போது அதிபராக இருந்த ஜனநாயகக் கட்சியின் கார்ட்டரும் மோதியதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. கார்ட்டர் தகவல் தகவலாக அடுக்குகிறார். ரீகன் தலையைச் சாய்த்துச் சிரித்து, ‘மறுபடி ஆரம்பித்துவிட்டீர்களே’ என்கிறார். அவ்வளவுதான், ஜெயித்துவிட்டார். ஒரு நடிகர் வசனம் பேசியே நாட்டைப் பிடித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கார்ட்டர் தரப்பின் தயாரிப்புக் குறிப்பேடுகூட ரீகன் ஆட்களின் கைக்குப் போயிருந்ததாம். நீங்கள் பழமைவாதத்தின் பக்கம் நிற்பவர். இந்த விவாதங்களைப் பார்த்து ஒருவர் தன் வாக்கை முடிவு செய்யலாமா?

ஆர்., ஒஹாயோ

அன்புள்ள ஆர்.,

2024 டிசம்பரில் கார்ட்டர் தன் நூறாவது வயதில் இறந்ததிலிருந்து அவரைப் பற்றி எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். உங்கள் கடிதம் எழுத வைத்துவிட்டது. நல்ல மனிதர் அவர். எகிப்தையும் இஸ்ரேலையும் கேம்ப் டேவிட்டில் உட்காரவைத்து உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர். பதவி போனதும் பிளெயின்ஸ் என்ற தன் சிற்றூருக்கே திரும்பி, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்து, ஏழைகளின் வீடு கட்டும் வேலையில் தானே சுத்தியல் பிடித்தவர். அப்படிப்பட்டவரை 44 மாநிலங்கள் ஏன் கைவிட்டன? அது எனக்கு வெகுநாள் கேள்வி. நீங்களோ ‘நடிகர், வசனம்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள். கோபமாகவே சொல்கிறேன், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசாதீர்கள். ரீகனுக்கு வாக்களித்தவர்கள் நான்கு கோடிக்கும் மேல். அத்தனை பேரும் ஒரு சிரிப்பில் மயங்கிவிட்டார்கள் என்று நினைப்பது திமிர். படித்தவர்களுக்கு மிகச் சுலபமாக வரும் திமிர் அது.

குறிப்பேட்டு விவகாரம் 1983இல் வெளியே வந்தது. அது தப்பு. அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ரீகன் மெடிகேரை எதிர்த்தவர் என்று கார்ட்டர் சொன்னபோதுதான் அவர் அப்படிச் சிரித்தார். கார்ட்டர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை எதிர்த்துப் பிரச்சாரம் செய்தவர்தான் ரீகன். அந்தச் சிரிப்பில் அவர் கொஞ்சம் நழுவினார். சரி, இவை இருக்கட்டும்.

‘நடிகர்’ என்றீர்களே, அதை மட்டும் விடமுடியாது. 1964 அக்டோபர் 27 அன்று, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டருக்காக ரீகன் தொலைக்காட்சியில் அரைமணி நேரம் பேசினார். கோல்ட்வாட்டர் ஆறே ஆறு மாநிலங்களில் வென்றார், மற்றவை எல்லாம் போயின. ஆனால் அரசாங்கம் பெருக்கப் பெருக்கக் குடிமகன் சிறுத்துப்போகிறான் என்ற அந்த வாதத்தை ரீகன் விடவில்லை. எட்டு ஆண்டுகள் கலிஃபோர்னியாவின் ஆளுநராக இருந்தார். 1976இல் பதவியில் இருந்த தன் கட்சி அதிபரையே எதிர்த்துப் போட்டியிட்டு, கான்சாஸ் சிட்டி மாநாட்டில் நூலிழையில் தோற்றார். அப்போது வயது 65. வேறொருவர் என்றால் ஓய்வெடுக்கப் போயிருப்பார். இவர் வாரத்துக்கு ஐந்து நாள் வானொலியில் சிற்றுரைகள் பேசினார். அவற்றில் 600க்கும் மேற்பட்டவற்றைத் தானே எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதிகள் பின்னர் கிடைத்திருக்கின்றன. மஞ்சள் தாளில், விமானத்திலும் காரிலும் உட்கார்ந்து, அடித்தும் திருத்தியும் எழுதியவை. பணவீக்கம், சோவியத் ஆயுதங்கள், வரி, எண்ணெய் என்று எல்லாம் அதில் உண்டு. இவரையா வசனம் பேசியவர் என்கிறீர்கள்? கிளீவ்லாந்து மேடையில் நீங்கள் பார்த்தது பதினாறு ஆண்டுப் பேச்சின் கடைசிச் சில நிமிடங்கள். தேர்தலுக்கு ஒரே வாரம் முன்பு, 1980 அக்டோபர் 28 அன்று நடந்த விவாதம் அது. அவர்கள் இருவரும் நேருக்கு நேர் நின்றது அந்த ஒரே இரவுதான்.

முடிவுரையில் ரீகன் என்ன செய்தார் என்று திரும்பப் பாருங்கள். வாக்குச்சாவடியில் நிற்கும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட நன்றாக இருக்கிறீர்களா? கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது முன்பைவிட எளிதாக இருக்கிறதா? நாட்டில் வேலையில்லாதவர்கள் கூடியிருக்கிறார்களா, குறைந்திருக்கிறார்களா? அந்த ஆண்டு பணவீக்கம் 13 சதவீதத்துக்கும் மேல். வீட்டுக்கடன் வட்டி 14 சதவீதத்தை நெருங்கியிருந்தது. 52 அமெரிக்கர்கள் ஈரானில், தெஹ்ரானில் பணயக்கைதிகள். தேர்தல் நாளான நவம்பர் 4, அவர்கள் பிடிபட்டு ஓராண்டு நிறைந்த நாள்.

உங்கள் ஒஹாயோவுக்கு நானும் வந்திருக்கிறேன். யங்ஸ்டவுனுக்கு அருகே ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டு முதியவர் காபிக்கு அழைத்தார். எஃகு ஆலைத் தொழிலாளியாக இருந்தவர். வலது கையில் ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. சமையலறைச் சுவரில் அவருடைய அப்பா மாட்டிய, ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் படம், புகையேறி மங்கிப்போய். 1977 செப்டம்பர் 19, அந்த ஊர்க்காரர்கள் ‘கறுப்புத் திங்கள்’ என்று சொல்லும் நாளில், கேம்பெல் ஆலை மூடப்படுவதாக அறிவித்தார்கள். ஏறக்குறைய 5,000 பேருக்கு வேலை போனது. அவரும் ஒருவர். தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சிக் குடும்பம். 1980இல் முதல்முறையாக மாற்றிப் போட்டாராம். சங்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. ஏன் என்று கேட்டேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: “கார்ட்டர், எது முக்கியமான பிரச்சினை என்று மகளிடம் கேட்டேன் என்றார். இந்த மனுஷன் என்னிடம் கேட்டான்.”

விவாதத்தில் அந்த இடம் உங்களுக்கு நினைவிருக்கும். தன் மகள் ஏமியிடம் கேட்டதாகவும், அணு ஆயுதங்கள்தான் முக்கியம் என்று அவள் சொன்னதாகவும் கார்ட்டர் சொன்னார். ஏமிக்கு அப்போது 13 வயது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் இதே கார்ட்டர் தொலைக்காட்சியில் தோன்றி, நம்மில் ரொம்பப் பேர் சுகத்தையும் நுகர்வையும் வழிபடுகிறோம் என்று நாட்டையே கடிந்துகொண்டார். கடையில் இறைச்சிப் பொட்டலத்தை எடுத்து, விலையைப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டு வருகிறவனிடம் போய் இதைச் சொல்லலாமா? தன் வீட்டுக் கணக்கு அவனுக்குத் தெரியும். எந்த நிபுணரும் அதை அவனைவிட நன்றாகப் படித்துவிட முடியாது. என் பழமைவாதம் தொடங்கும் இடம் இதுதான். கோட்பாடுகள் எல்லாம் அப்புறம்.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். 1984இல் ரீகனை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் மான்டேலுக்குப் போட்டாராம். ரீகன் வந்தும் ஆலை திறக்கவில்லையே. அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டார், அந்தத் தடவை பதில் வேறு. ரீகனை நேசிக்கும் எனக்கு இதில் வருத்தமே இல்லை. கேட்டவனையே திருப்பிக் கேட்கலாம் என்பதால்தான் அதை நேர்மையான கேள்வி என்கிறேன். அதைத் திருப்பிக் கேட்டவரையா ஏமாந்தவர் என்பீர்கள்?

இன்று பழமைவாதிகள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரமும் இதனால்தான். 2020 செப்டம்பர் 29 அன்று அதே கிளீவ்லாந்தில் டிரம்ப்பும் பைடனும் மோதியதைப் பாருங்கள். டிரம்ப் எதிராளியை ஒரு வாக்கியம் முடிக்கவிடவில்லை, பைடன் ‘வாயை மூடு’ என்கிற அளவுக்குப் போனார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் வாக்காளனுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. அதைக் கைதட்டி ரசித்த நம் தரப்பு நண்பர்கள் எனக்கு எழுதிய கடிதங்களுக்கு நான் பதில் போடவே இல்லை. எதிராளியை அவமதிப்பதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

விவாதத்தைப் பார்த்து வாக்கை முடிவு செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டால்.

ஏமி சொன்னதை அன்று நாடே கேலி செய்தது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1987 டிசம்பர் 8 அன்று சோவியத் தலைவர் கோர்பச்சேவோடு உட்கார்ந்து, தரையிலிருந்து ஏவப்பட்டு 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும் ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ரீகன்தான். நாட்டைப் போருக்கு இழுத்துவிடுவார் என்று கார்ட்டர் எச்சரித்த அதே ரீகன். இது எப்படி நடந்தது என்பது பெரிய கதை. அதைப் பற்றி அடுத்த கடிதத்தை உங்கள் மகளே எழுதட்டும். தமிழில் தடுமாறினாலும் பரவாயில்லை, எழுதச் சொல்லுங்கள்.