தபால்காரர் மேல் பட்ட குண்டு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஷெரிடனின் ‘த ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்’ நகைச்சுவை நாடகத்தை எங்கள் கல்லூரிக் குழு இந்தக் காலத்துக்கு மாற்றிப் போடப் போகிறது. வரவேற்பறை வம்புகளை வாட்ஸ்அப் குழுவாக்கி, பின்னால் பெரிய திரையில் மெசேஜ்களைக் காட்டலாம் என்கிறார்கள் நண்பர்கள். லேடி டீஸில் தடுப்புக்குப் பின்னால் ஒளியும் காட்சியை வீடியோ காலாக மாற்றலாம் என்றும் ஒரு யோசனை. சரியாக வருமா?

கே.

அன்புள்ள கே.,

வராது, முக்கியமாக அந்த வீடியோ கால். தடுப்புக்கு இந்தப் பக்கம் கணவர் சர் பீட்டர் உட்கார்ந்து மனைவியைப் பற்றிய மனக்குறையையும் அவளுக்கு எழுதிவைக்கப் போகிற சொத்தையும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அந்தப் பக்கம் அவளே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறாள், அப்புறம் அவளோடு தொடர்பு என்று கணவர் சந்தேகப்படும் சார்லஸ் தடுப்பைத் தள்ளிவிடுகிறான். ஒரே அறையில், தப்பிக்க வழியில்லாமல் எல்லோரும் மாட்டிக்கொண்டிருப்பதுதான் அங்கே சிரிப்பு. போனை கட் பண்ணிவிட்டுப் போக முடியும் என்றால் காட்சியே இல்லை. மெசேஜ் திரையும் வேண்டாம், படிக்க ஆரம்பித்தவர்கள் நடிகரின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நாடகம் 1777இல் லண்டன் ட்ரூரி லேனில் அரங்கேறியபோதே அது ஊடகத்தைப் பற்றிய நாடகம்தான். துணுக்குகளை எல்லாம் பத்திரிகையில் போட்டாயிற்றா என்று வம்புக் கூட்டத்தின் தலைவி லேடி ஸ்னீர்வெல் தன் கையாள் ஸ்னேக்கிடம் கேட்பதில்தான் தொடங்குகிறது. ஷெரிடனே பத்திரிகை வம்பில் அடிபட்டவர். 1772இல் பாடகி எலிசபெத் லின்லியுடன் அவர் பிரான்சுக்குப் போன சமயத்தில், மேத்யூஸ் என்பவர் பாத் நகரப் பத்திரிகையில் அவரைப் பொய்யன் என்று விளம்பரமே கொடுத்தார். அதற்காக இருவரும் இரண்டு முறை நேருக்கு நேர் ஆயுதச் சண்டை போட்டார்கள்.

நீங்கள் கை வைக்க வேண்டிய இடம் ஐந்தாம் அங்கம். சர் பீட்டருக்குச் சண்டையில் காயம் என்று வதந்தி. வாள்வெட்டு என்கிறார் ஒருவர், இல்லை, துப்பாக்கி என்கிறார் இன்னொருவர். பீட்டர் சுட்ட குண்டு குறி தவறி, கணப்படுப்புக்கு மேலே இருந்த சின்ன வெண்கல ஷேக்ஸ்பியர் சிலையில் பட்டு, ஜன்னல் வழியே பாய்ந்து, வாசலுக்குக் கடிதம் கொண்டுவந்த தபால்காரரைக் காயப்படுத்தியதாம்! அந்த நேரம் பீட்டர் முழுசாக நடந்து வருகிறார், பொய் அங்கேயே செத்துப்போகிறது.

இன்று சாகாது. ஆள் நேரில் வந்து நின்றாலும் இது பழைய வீடியோ என்பார்கள், நாடகம் ஆடுகிறான் என்பார்கள், மறுப்பு போய்ச் சேராத நூறு குழுக்களில் அந்தத் தபால்காரருக்கு இரங்கல் ஓடிக்கொண்டிருக்கும். பீட்டர் உள்ளே வரட்டும், எல்லோரும் தலைநிமிர்ந்து அவரைப் பார்க்கட்டும், பார்த்துவிட்டு மறுபடி போனுக்குக் குனியட்டும். அதன்பிறகு அவர் என்ன செய்வார் என்பதற்கு ஷெரிடனிடம் பதில் கிடையாது, நீங்கள்தான் எழுத வேண்டும். உங்கள் உழைப்பை எல்லாம் அங்கே போடுங்கள்.

ஸ்னேக்கின் கடைசிப் பேச்சில் மட்டும் ஒரு வார்த்தையும் மாற்றாதீர்கள். பொய் சொல்லக் காசு வாங்கியவன், உண்மை சொல்ல இரட்டிப்புக் காசு கிடைத்ததும் உண்மையைச் சொல்கிறான், அப்புறம் இதை வெளியே சொல்லிவிடாதீர்கள், கெட்ட பெயரில்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்று கெஞ்சுகிறான். சின்ன வேடம்தான், ஆனால் உங்களிடம் இருப்பதிலேயே நல்ல நடிகருக்குக் கொடுங்கள்.