நூலகரைக் கேளுங்கள்

(டெல்டா பக்கத்துக் கிளை நூலகங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வாசகர் கடிதங்களுக்குச் சொல்லும் பதில்கள்.)

எங்கள் தெருக் கோடியில் கிளை நூலகம் இருக்கிறது. எப்போது எட்டிப் பார்த்தாலும் பத்துப் பெரியவர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்தை யாரும் தொடுவதாகத் தெரியவில்லை. இதற்கு எதற்கு ஒரு நூலகம்?
- ஒரு வாசகர், திருவாரூர்

எத்தனை மணிக்குப் போனீர்கள்? காலை எட்டரை இருக்கும். அது பெரியவர்களின் நேரம்.

நான் பூட்டைத் திறப்பதற்கு முன்பே வாசலில் ஐந்தாறு ஜோடி செருப்பு கிடக்கும். ஒரே பேப்பரை நாலாகப் பிரித்துக்கொள்வார்கள். தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் முதலில் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைத்தான் எடுப்பார். "நம்ம செட்டுல யாரும் போகலை" என்று அறிவித்துவிட்டுத்தான் தலைப்புச் செய்திக்கு வருவார். அவர் இரண்டு நாள் வராவிட்டால் மற்றவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன ஒருவர்தான், அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்ததைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வருகை எத்தனை, இரவல் எத்தனை என்று தினமும் பதிவேட்டில் எழுதினேன். இதை எழுத அதில் கட்டம் இல்லை.

பத்து மணிக்கு மேல் படிவங்கள் வரும். முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பிள்ளையின் சாதிச் சான்றிதழ். நூலகர் கையில் பேனா இருக்கிறது, எரிந்து விழ மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. (எரிந்து விழுந்திருக்கிறேன். சரி, அது வேறு கதை.) மத்தியானத்துக்கு மேல் குரூப் 4 எழுதும் பிள்ளைகள், சோற்றுப் பொட்டலத்தோடு.

புத்தகம் போகிற வழி உங்கள் கண்ணில் படாது. எங்கள் ஊரில் அதிகம் படித்தவர்கள், நூலகத்துக்குள் காலே வைக்காத பெண்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் அட்டையை நீட்டி, "அம்மாவுக்கு ரெண்டு கதை புக்கு குடுங்க சார்" என்பான். படித்ததையே மறுபடி கொடுத்தால் திட்டு எனக்கு. அதற்கு ஒரு அம்மா வழி கண்டுபிடித்தார். படித்து முடித்த புத்தகத்தில் 19-ம் பக்கத்து மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. மேலட்டை கிழிந்து போனாலும் நம் புத்தகம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, நாங்களும் உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் முத்திரை குத்தி வைப்போம். எங்களுக்கு ஒரு ரகசியப் பக்கம், அவருக்கு ஒன்று. பையன் என் மேஜையிலேயே 19-ஐப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவான். "புத்தகத்தில் எழுதாதீர்கள்" என்று பலகை மாட்டியிருந்த நானே அந்தப் புள்ளியை அழிக்கவில்லை. கொஞ்ச நாளில் நாவல் அலமாரி முழுக்கப் புள்ளி, பெருக்கல் குறி, குட்டி நட்சத்திரம் என்று மூன்று நான்கு வீட்டுக் குறிகள் வந்துவிட்டன.

அவர்கள் ஏன் நேரில் வரவில்லை என்றால், கட்டடத்தில் கழிப்பறை இல்லை. எழுதி எழுதிக் கேட்டேன். என் பணிக்காலத்தில் வரவில்லை.

நான் நூலகம் பக்கமே போனதில்லை. ஆனால் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று பிடிக்கிறார்கள். இது நியாயமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. இரண்டாயிரம் கட்டினால் இருநூறு. 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் போட்ட வழி இது. அதன் பின்னால் நின்றவர் நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகம் யார் தயவிலும் நடக்கக் கூடாது, அதற்கென்று ஒரு வருமானம் வேண்டும் என்பது கணக்கு. உள்ளாட்சி வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கிற வேகத்தைப் பற்றி என் வாயைக் கிளறாதீர்கள்.

நியாயமா என்று கேட்டீர்கள். வருஷத்துக்கு இருநூறு கட்டிவிட்டு ஒரு நாள்கூட உள்ளே போகாமல் இருக்கிறீர்களே, அதுதான் எனக்கு அநியாயமாகப் படுகிறது.

என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. முழங்கால் வலி, படி ஏற முடியாது. நாளெல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் நிறைய படித்தவர்.
- ஒரு வாசகி, திருச்சி

2022-ல் 'நூலக நண்பர்கள்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். நூலகத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து, படித்த பிறகு வாங்கி வருவார்கள். உங்கள் கிளை நூலகத்தில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். யாரும் இல்லையென்றால் மாமியார் பெயரில் அட்டை போட்டு, நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

புத்தகம் ஆளைத் தேடிப் போவது நமக்குப் புதிதில்லை. 1931-லேயே மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அப்புறம் ஒன்று: பெரிய எழுத்துப் புத்தகமாகப் பார்த்துக் கேளுங்கள். கால் போன வயதில் கண் மட்டும் நன்றாகவா இருக்கும்?

அப்பா இறந்த பிறகு அவருடைய நானூறு புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுக்கப் போனேன். வாங்கத் தயங்குகிறார்கள்.
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினீர்களா? யாரும் தயங்கத்தான் செய்வார்கள். முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள். பழைய வரிச் சட்டக் கையேடு, போன தலைமுறை நோட்ஸ் இதையெல்லாம் கழித்துவிடுங்கள். மிச்சத்தைப் பட்டியலோடு காட்டினால் நூலகர் வேண்டியதை எடுத்துக்கொள்வார்.

வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டு பைண்ட் செய்தவை அதில் இருக்கிறதா? இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதில் படமும் விளம்பரமும் சேர்ந்தே இருக்கும். புத்தகமாக வந்த பிரதியில் அது கிடைக்காது. விலையோ பதிப்பகமோ இல்லாததால் கிளை நூலகத்தில் பதிவு செய்யச் சிரமப்படுவார்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒருவர் சேர்த்து வைத்த காகிதங்களிலிருந்து 1994-ல் உருவான நூலகம் அது. உங்கள் அப்பாவைப் போல ஒருவர்தான்.

கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு விடுகிறார்களே, ஏன்?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம்

ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு லீவு. அன்றைக்குத்தான் எங்களுக்குக் கூட்டம். அதனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்களில் பாதி போச்சு. சொந்தக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள். இப்போது எல்லா நாளும் லீவுதான், ஆனாலும் வெள்ளிக்கிழமை மட்டும் அரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்திருக்கிறேன்.