வரப்பில் விழுந்த விதை

அன்புள்ள ஐயா,

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், பூசையின் நடுவே சாமியார் ஆற்றும் மறையுரை நாற்பது நிமிடம் போகிறது. திருவிழா வரி, கொடிமரத்துக்குப் பெயிண்ட், யார் யார் பூசைக்கு வரவில்லை என்ற கணக்கு எல்லாம் அதில் வந்துவிடும். நான் பைபிள் வாசகங்கள் முடிகிற நேரம் பார்த்துப் போய், வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, காணிக்கைப் பாட்டுக்கு உள்ளே நுழைகிறேன். நற்கருணைதானே முக்கியம்? இது பாவமா?

ஒரு வாசகர், திருக்காட்டுப்பள்ளி

அன்புள்ள நண்பருக்கு,

நாற்பது நிமிடம் கொடுமைதான். எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், ஜனங்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று போப் பிரான்சிஸே 2024-இல் சொன்னார். துரோவா நகரில் திருத்தூதர் பவுல் நள்ளிரவுவரை பேசியதில், ஜன்னலில் உட்கார்ந்திருந்த யூத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். திருவிழா வரி உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து, அதில் நான் தலையிடுவதற்கில்லை.

ஆனால் வாசகம் முடிகிற நேரம் பார்த்துப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வாசகத்தைக் கேட்காதவருக்கு மறையுரை எட்டு நிமிடமானால் என்ன, எண்பதானால் என்ன? நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு இறைவாக்கினர் எசாயாவின் நூலை வாசித்தார், சுருளைச் சுருட்டிக் கொடுத்தார், உட்கார்ந்தார், இந்த வாக்கு இன்று நிறைவேறிற்று என்றார். அந்த 'இன்று'தான் மறையுரை. சற்றுமுன் வாசித்தது இந்த ஊரில், இந்தப் பாயில் உட்கார்ந்திருப்பவனிடம் என்ன கேட்கிறது என்று சொல்வது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் மறையுரையை வழிபாட்டின் பகுதி என்றே எழுதிவைத்தது. உங்கள் சாமியார் வாசகத்தை விட்டுவிட்டுப் பெயிண்டைப் பேசுகிறார். நீங்களும் வாசகத்தை விட்டுவிட்டுத்தான் வருகிறீர்கள். யாரை யார் குறை சொல்வது?

என் சிறுவயதில், ஒரு ஜூலை மாதம். இயேசு சொன்ன விதைப்பவர் உவமை ஞாயிறு பூசையில் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஜூலை நடுவில்தான் வரும். நமக்கு அது குறுவைக் காலம். அந்த வருடம் மேட்டூர்த் தண்ணீர் தாமதம், அப்போதுதான் நாற்றங்கால் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குள்ளேயே முளைகட்டிய நெல்லின் புளித்த வாசனை, எல்லோர் வேட்டியிலும். எங்கள் பங்குச் சாமியார் வாசித்து முடித்துவிட்டு, முன்வரிசையில் இருந்த என் தாத்தாவைப் பார்த்து, "இந்த விதைப்பவர் எப்படி?" என்று கேட்டார்.

பூசை நடுவே யாரும் அப்படிக் கேட்டதில்லை. தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "சாமி, இவன் விவசாயியே இல்லை. வழியில் கொட்டுகிறான், பாறையில் கொட்டுகிறான், முள்ளில் கொட்டுகிறான். இவனை நான் கூலிக்குக்கூட வைத்துக்கொள்ள மாட்டேன்."

பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சாமியார், "கடவுள் கைக்கு வயல் வேறு, வரப்பு வேறு என்ற கணக்கு கிடையாது, பெரியவரே. இருந்திருந்தால் நம்மில் எத்தனை பேர்மேல் விழுந்திருக்கும்?" என்றார். மறையுரை அவ்வளவுதான், விசுவாச அறிக்கையைத் தொடங்கிவிட்டார்.

தாத்தா அந்த வாரம் முழுக்க முணுமுணுத்தார், அப்படி விதைத்தால் கடன்தான் மிஞ்சும் என்று. வேப்பமரத்தடியில் நின்றிருந்தால் முணுமுணுக்க என்ன இருந்திருக்கும் அவருக்கு?

பாவமா என்று கேட்டீர்கள், மறந்தே போனேன். அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

அடுத்த குறுவைக்கு, தாத்தா தெளித்த விதையில் கொஞ்சம் வரப்பில் சிந்தியது. பொறுக்கப் போன என்னை, "விடு, சாமி கணக்கில் போகட்டும்" என்று தடுத்தார். நாலடி நடந்தவர் திரும்பிவந்து, குனிந்து, அவரே பொறுக்கினார்.